தம்பியின் இதயக் கணக்கு

என் தம்பியின் இதயம் ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 46 முறைதான் துடிக்கிறது. எனக்கு 74. அம்மாவுக்கு 80. இந்த மூன்று எண்களையும் முதன்முதலாக ஒரே தாளில் எழுதியபோது அம்மா பயந்துபோனார். "எல்லாருக்கும் எழுபது எண்பது துடிக்குது. இவனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கம்மி?" என்று கேட்டார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அப்பா லோரி ஓட்டுநர். 49 வயதில், ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில், நெஞ்சு வலியை வாயுப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தவர், எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இதயம் என்ற சொல்லை யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை.

தம்பிக்கு 19 வயது. நெடுந்தூர மிதிவண்டிப் பந்தயங்களில் ஓட்டுகிறான். மாநில இளையோர் அணியில் இடம் பிடிக்க வேண்டும் என்பது அவன் கனவு. நான் மெர்சிங்கில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதுகிறேன். தியோமான் தீவுக்குப் போகிறவர்கள் ஓரிரவு தங்கிப் போகும் ஊர் இது. பகலெல்லாம் விடுதியின் வரவு செலவைப் பார்த்துவிட்டு, இரவில் தம்பியின் பயிற்சிக் கணக்கைப் பதிவு செய்வது என் வேலையாகிவிட்டது. அவனுக்கு ஓட்டத் தெரியும். எழுதி வைக்கப் பொறுமை கிடையாது. அப்படித்தான் இதயத் துடிப்பைப் பற்றி நான் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடினேன். நீண்ட காலம் பயிற்சி செய்கிறவர்களின் இதய அறைகள் சற்றே விரிவடைகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தம் வெளியேறுகிறது. ஆகவே ஓய்வில் குறைந்த துடிப்புகளே போதுமானவை. சுவீடன் மருத்துவர் ஹென்ஷென் 1899-லேயே, எக்ஸ்ரே வசதி பரவாத அந்தக் காலத்தில், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே அவர்களின் இதயம் பெரிதாக இருப்பதைக் கண்டறிந்தார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற ஸ்பெயின் வீரர் மிகெல் இந்துராயினின் ஓய்வுத் துடிப்பு 28 என்று சொல்வார்கள். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பையனோட அம்மா எப்படித் தூங்குனாங்களோ" என்றார். மருத்துவரிடம் அழைத்துப் போய் ஈ.சி.ஜி. எடுத்து, கவலைப்பட ஒன்றுமில்லை என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் அம்மா சமாதானமானார். அது சரியான செயல்தான். துடிப்பு குறைவாக இருந்து, கூடவே தலைசுற்றலோ மயக்கமோ நெஞ்சு வலியோ இருந்தால், அதை விளையாட்டு வீரனின் இதயம் என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது.

இதயத் துடிப்பை வைத்துப் பயிற்சி செய்வது அண்மைக் காலத்தில் வந்த பழக்கம் என்று நினைத்திருந்தேன். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு இருக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் கம்பியில்லாமல் இயங்கும் துடிப்புமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மார்பில் ஒரு பட்டை, மணிக்கட்டில் ஒரு கடிகாரம். அதுவரை ஆய்வுக்கூடத்தில் மட்டுமே பார்க்க முடிந்த எண், சாலையில் ஓடிக்கொண்டிருப்பவனின் கண் முன்னால் வந்தது. அதே ஆண்டு இத்தாலியப் பேராசிரியர் பிரான்செஸ்கோ கொன்கோனி ஒரு சோதனை முறையை வெளியிட்டார். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினால் துடிப்பும் அதோடு சேர்ந்து ஏறும். ஓரிடத்துக்கு மேல் வேகம் ஏறும் அளவுக்குத் துடிப்பு ஏறாது. அந்தத் திருப்பம்தான் வீரனின் எல்லை என்றார் அவர்.

அந்த முறையில் தயாரான இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர், 1984 ஜனவரியில் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேர உலகச் சாதனையை உடைத்தார். எடி மெர்க்ஸ் 1972-இல் அதே நகரில் ஓட்டிய தூரம் 49.431 கிலோமீட்டர். மோசர் முதலில் 50.808, நான்கு நாள் கழித்து 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். உலகமே இதயத் துடிப்புமானியைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் இந்தக் கதைக்கு நிழலான பக்கமும் உண்டு. அந்தச் சாதனைக்குத் தயாரானபோது இரத்தம் ஏற்றிக்கொண்டதைப் பல ஆண்டுகள் கழித்து மோசர் ஒப்புக்கொண்டார். அப்போது அது தடை செய்யப்பட்டிருக்கவில்லை. கொன்கோனியின் பெயரும் பின்னாளில் ஊக்கமருந்து வழக்கில் அடிபட்டது. அவர் சொன்ன அந்தத் திருப்பம் எல்லாரிடமும் தெளிவாகத் தெரிவதில்லை என்றும் பிறகு வந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் முகம் சுருங்கியது. ஒரு கருவி நல்லது என்பதற்காக, அதைப் பயன்படுத்தியவர்கள் சொன்னதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

தம்பியின் பயிற்றுநர் மலாய்க்காரர். வேறு ஊரில் இருக்கிறார். வாரத்துக்கொரு முறை நேரில் பார்ப்பார்; மற்ற நாளெல்லாம் வாட்ஸ்அப்தான். முதல் நாளே அவர் ஒரு பழக்கத்தை உடைத்தார். 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு என்று தம்பி கணக்குப் போட்டு வைத்திருந்தான். அப்படிப் பார்த்தால் அவனுக்கு 201. அந்தச் சூத்திரம் 1971-இல் பலருடைய தரவுகளைச் சேர்த்துப் பார்த்துத் தோராயமாகச் சொல்லப்பட்டது. சராசரிக்குச் சரி, தனி மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின்னாக இருக்கும். பயிற்றுநர் அவனை ஒரு மேட்டில் மூச்சு முட்ட மூன்று முறை ஏறவிட்டுப் பார்த்தார். வந்த எண் 196.

அந்த 196-ஐயும், எந்தத் துடிப்புவரை மூச்சு வாங்காமல் பேச முடிகிறது என்பதையும் வைத்து மூன்று பகுதிகள் பிரித்துக் கொடுத்தார். 145-க்குக் கீழே இலேசு. 145 முதல் 170 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. கூடவே ஒரு கட்டளை: வாரத்தில் பெரும்பகுதி நேரம் 145-ஐத் தாண்டக் கூடாது.

பந்தய வீரனுக்கு இதைவிடக் கடினமான கட்டளை கிடையாது. மெர்சிங்கிலிருந்து தெற்கே ஜெமாலுவாங் போகும் மூன்றாம் எண் கூட்டரசுச் சாலையை நீங்கள் பார்த்திருக்கலாம். இரு பக்கமும் செம்பனை, நடுவே ஏறி இறங்கும் மேடுகள். ஜெமாலுவாங் முச்சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் குளுவாங், நேரே போனால் கோத்தா திங்கி. ஒவ்வொரு மேட்டிலும் துடிப்பு 150-ஐத் தொடும். உடனே அவன் பல்லை மாற்றி மெதுவாக மிதிக்க வேண்டும். காய்கறிக் கூடையைக் கட்டிக்கொண்டு கப்சாய் மோட்டாரில் போகிற தாத்தா கையசைத்துவிட்டு முந்திப் போவார். கூட்டாளிகள் "கிழவன் மாதிரி ஓட்டுறான்" என்று கேலி செய்தார்கள். தம்பி என்னிடம்தான் வந்து கத்தினான்: "மெதுவா ஓட்டி எவன்கா ஜெயிச்சிருக்கான்?"

கேள்வி நியாயமானது. பதில் தேடிப் பார்த்தேன். 1990-களின் இறுதியில் ஸ்பெயின் ஆய்வாளர்கள், டூர் டி பிரான்ஸில் ஓட்டிய தொழில்முறை வீரர்களின் துடிப்பை மூன்று வாரமும் பதிவு செய்தார்கள். உலகின் கடுமையான அந்தப் பந்தயத்திலேயே சுமார் 70 விழுக்காடு நேரம் இலேசான பகுதியில்தான் போயிருந்தது. மிகக் கடுமையான பகுதியில் போன நேரம் 7 விழுக்காடு அளவே. கூட்டத்துக்குள் காற்று மறைவில் ஒளிந்து, சக்தியைச் சேமித்து, தேவையான இடத்தில் மட்டும் செலவழிக்கிறார்கள். பயிற்சியிலும் அப்படித்தான் என்று ஸ்டீபன் செய்லர் என்ற ஆய்வாளர் பல விளையாட்டுகளின் உச்ச வீரர்களைப் பார்த்துச் சொன்னார். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பயிற்சி இலேசானது, மீதி மட்டும் மிகக் கடுமையானது. நடுவில் மாட்டிக்கொண்டு தினமும் அரைக் களைப்போடு வீடு திரும்புகிறவர்களுக்கு, கடுமையாக ஓட்ட வேண்டிய நாளில் கால் வராது.

இதை நான் கணக்காளர் பாஷையில் சொன்னேன்: "டேய், தினமும் கொஞ்சம் கொஞ்சமா செலவு பண்ணிட்டே இருந்தா, பெரிய சாமான் வாங்குற அன்னிக்குக் கையில காசு இருக்காது." அது அவனுக்குப் புரிந்தது.

துடிப்பை மட்டும் வைத்து ஓட்டுவதிலும் சிக்கல்கள் உண்டு. முதலாவது நம் வெயில். காலை 7 மணிக்குப் புறப்படும்போது 190 வாட் சக்தியில் மிதித்தால் அவன் துடிப்பு 132. மூன்று மணி நேரம் கழித்து, அதே 190 வாட்டுக்கு 148. அவன் கூடுதலாக எதுவும் செய்யவில்லை. வியர்வையில் நீர் போகப் போக இரத்தத்தின் அளவு குறைகிறது. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம் குறைவதால் இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டுகிறது. ஐரோப்பிய வீரர்களுக்காக எழுதிய அட்டவணையை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால் பத்து மணிக்கு மேல் நடந்துதான் வீடு திரும்ப வேண்டும். இரண்டாவது, துடிப்பு தாமதமாக வரும். முப்பது விநாடி முழு வேகத்தில் பாய்ந்தால், பாய்ச்சல் முடிந்த பிறகுதான் எண் ஏறும். மூன்றாவது, தூக்கமின்மை, காப்பி, காய்ச்சல், பரீட்சைப் பயம் எல்லாமே அந்த எண்ணில் கலந்து வரும்.

அதனால்தான் உயர்மட்ட வீரர்கள் சக்திமானியையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். ஜெர்மனியின் உல்ரிச் ஷோபரர் 1986-இல் உருவாக்கிய கருவி அதற்கு வழி திறந்தது. மிதிப்பதில் எவ்வளவு சக்தி வெளிப்படுகிறது என்பதை வாட் கணக்கில் அது சொல்லிவிடும். என் போனஸில் பாதியைப் போட்டு, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ஒன்றைத் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தேன். வாட் என்பது அவன் செய்த வேலை. துடிப்பு என்பது அந்த வேலைக்கு அவன் உடம்பு கொடுத்த விலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு.

அந்தக் கணக்கு ஒரு முறை எங்களை ஏமாற்றப் பார்த்தது. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

மழைக்காலம் முடிந்து, பிப்ரவரியில் சாலை காய்ந்ததும் தம்பி பயிற்சியைக் கூட்டினான். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மழை பிடித்துக்கொண்டால் பல நாள் வண்டியை வெளியே எடுக்க முடியாது. இழந்த நாள்களை ஈடுகட்டும் அவசரம் அவனுக்கு. தேர்வுப் பந்தயம் ஏழாவது வாரத்தில். முதல் எட்டுப் பேருக்கு அணியில் இடம்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பயிற்றுநர் அவனுக்கு ஒரு சிறு சோதனை வைப்பார். தென்னாப்பிரிக்காவில் ராபர்ட் லேம்பர்ட்ஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் மிதிவண்டி வீரர்களுக்காக உருவாக்கியது அது. பின்சக்கரத்தைப் பூட்டி வைத்து மிதிக்கும் சாதனத்தில், அதிகபட்சத் துடிப்பின் 60 விழுக்காட்டில் ஆறு நிமிடம், 80 விழுக்காட்டில் ஆறு நிமிடம், 90 விழுக்காட்டில் மூன்று நிமிடம். பிறகு மிதிப்பதை நிறுத்தி, துடிப்பு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். கால் மணி நேர வேலை. வீரனைக் களைப்பாக்காது. மூன்று விஷயங்களை எழுதி வைக்க வேண்டும்: அந்தத் துடிப்பில் எத்தனை வாட் வந்தது, எவ்வளவு கஷ்டமாக இருந்தது, ஒரு நிமிடத்தில் எத்தனை துடிப்பு இறங்கியது. கஷ்டத்தை அளக்க, சுவீடனின் குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான அளவுகோல். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது போல. 20 என்றால் இனி முடியாது.

வழக்கமாக 176 துடிப்பில் அவனுக்கு வருவது 290 வாட். கஷ்டம் 16. ஒரு நிமிடத்தில் இறங்குவது 52 துடிப்பு. தேர்வுக்கு முந்தைய செவ்வாயன்று வந்த எண்கள் இவை: 315 வாட். இறங்கியது 63 துடிப்பு. அன்று காலை ஓய்வுத் துடிப்பும் 46-இலிருந்து 41-க்கு வந்திருந்தது. தம்பி குதிக்காத குறை. அதே துடிப்பில் கூடுதல் சக்தி, வேகமான மீட்சி, அமைதியான இதயம். இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? "ரெடி ஆயிட்டேன்கா" என்றான்.

மூன்றாவது கட்டத்தில் அவன் எழுதியிருந்தது 19.

அம்மாவுக்கு வாட்டும் தெரியாது, விழுக்காடும் தெரியாது. அவர் அந்த வாரம் முழுவதும் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பையன் ரெண்டு இட்லிக்கு மேல சாப்பிட மாட்டேங்குறான். ராத்திரி புரண்டு புரண்டு படுக்குறான். எதுக்கெடுத்தாலும் சிடுசிடுங்குறான். இவன் இப்படி இல்லையே."

நான் எண்களை அனுப்பி, அதற்குக் கீழே அம்மா சொன்னதையும் அப்படியே தட்டச்சு செய்து பயிற்றுநருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் அவன் பெயரை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார்.

அவர் விளக்கியது இதுதான். உடல் தேறும்போது வாட் கூடும், துடிப்பு வேகமாக இறங்கும். ஆனால் பயிற்சிச் சுமை மிஞ்சி உடல் தளரும்போதும் சில வீரர்களுக்கு அதே அடையாளங்கள்தான் தோன்றும். களைத்த உடம்பில் இதயம் மேலே ஏற மறுக்கிறது. அதை 176-க்குக் கொண்டுபோகவே வழக்கத்தைவிட அதிகமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. தாளில் பார்த்தால் முன்னேற்றம், உண்மையில் சரிவு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த மூன்றாவது எண்தான். உண்மையில் தேறியிருந்தால் கஷ்டம் 16-லேயோ அதற்குக் கீழேயோ இருந்திருக்கும். 19 என்றால் உடம்பு வேறு கதை சொல்கிறது. இதயத்தை மட்டும் கேட்காதே, ஆளையும் கேள் என்பதுதான் அந்தச் சோதனையின் சாரம்.

தம்பி அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "நீ ஏன் அம்மா சொன்னதையெல்லாம் எழுதி அனுப்புன?" என்பதுதான் அவன் கோபம். அவன் நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஓராண்டு உழைப்பு. மழையில் நனைந்த சப்பாத்து, தவறவிட்ட கல்யாணங்கள், பெருநாள்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கூட்டாளிகள் பந்தயத்தில் இருந்தபோது, இவன் ஐந்தடியில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தான்.

ஐந்து நாள் வண்டியைத் தொடக் கூடாது என்று பயிற்றுநர் சொல்லியிருந்தார். பிறகு ஒரு வாரம் இலேசாக மட்டும். பன்னிரண்டாம் நாள் மறுபடியும் சோதனை: 297 வாட், கஷ்டம் 15, இறங்கியது 54 துடிப்பு. ஓய்வுத் துடிப்பு 45. எண்கள் 315-ஐவிடக் குறைவு. ஆனால் அன்று இரவு அவன் ஆறு இட்லி சாப்பிட்டான். அம்மாவுக்கு அதுதான் ஆய்வறிக்கை.

இரண்டாவது தேர்வு ஐந்து வாரம் கழித்து நடந்தது. அவன் பதினொன்றாவதாக வந்தான். இடம் கிடைக்கவில்லை. ஓய்வு எடுத்ததால் வென்றான் என்று எழுத எனக்கும் ஆசைதான், நடந்தது அதுவல்ல. ஆனால் வீட்டுக்கு வந்து அவன் சொன்னதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்: "கால் இருந்துச்சுக்கா. பத்துப் பேரு என்னை விட நல்லா ஓட்டுனாங்க, அவ்வளவுதான்." தோற்றதற்கான காரணம் தெளிவாகத் தெரிகிற தோல்வியை ஒருவன் தாங்கிக்கொள்ள முடியும். அடுத்த நாளே வண்டியைத் துடைத்து எண்ணெய் போட்டான்.

இப்போது நம்மில் பலர் கையில் துடிப்புக் காட்டும் கடிகாரம் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அது உங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. துடிப்புகளுக்கு இடையிலுள்ள நேர வேறுபாட்டை வைத்து இன்று கடுமையாகப் பயிற்சி செய்யலாமா என்று சொல்லும் முறையை, 2019-இல் வெளியான ஒரு ஸ்பெயின் ஆய்வு மிதிவண்டி வீரர்களிடம் சோதித்து நல்ல பலனைக் கண்டிருக்கிறது. அறிவியல் வளர்கிறது, நல்லதுதான். ஆனால் மணிக்கட்டுக் கடிகாரம் ஒளியை வைத்துக் கணிக்கிறது. குலுங்கும் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கையில் அது தடுமாறும். இதயத்தின் மின்சைகையைப் பிடிக்கும் மார்புப் பட்டை அதைவிட நம்பகமானது. எதைக் கட்டிக்கொண்டாலும், ஒரு நாள் எண்ணைப் பார்த்துக் குதிக்கவோ பயப்படவோ வேண்டாம். பல வாரங்கள் எழுதி வைத்தால்தான் உங்களுக்கு எது வழக்கம் என்று தெரியும். பக்கத்தில் ஒரு வரி, நேற்று எப்படித் தூங்கினேன், இன்று எப்படி இருக்கிறது என்று உங்கள் வார்த்தையிலும் எழுதுங்கள்.

கடிகாரம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. நம் பாட்டிமார்களின் காலத்தில் வைத்தியர் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். அந்தக் கலையெல்லாம் நமக்குத் தெரிய வேண்டாம். படுக்கையை விட்டு எழும் முன், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து 30 விநாடி எண்ணுங்கள். இரண்டால் பெருக்குங்கள். எழுதி வையுங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தாலும், காரணமில்லாமல் பல நாள் ஏறியோ இறங்கியோ இருந்தாலும், மருத்துவரிடம் அந்தத் தாளோடு போங்கள். நெஞ்சு வலி வந்தால் தாளையும் தேட வேண்டாம், தைலத்தையும் தேட வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் நாற்பதைத் தாண்டிய அப்பா யாராவது இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கையைப் பிடித்து நீங்களே எண்ணிப் பாருங்கள்.